சாட்சியில்லாத நம்பிக்கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், புதுக்கோட்டையில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் மின்னஞ்சல் மோசடியைப் பற்றிப் பேசுவானேன் என்ற ஐயம் உங்களுள் சிலர்க்குத் தோன்றக்கூடும். காவல்துறையினரோ வங்கி அலுவலரோ பேச வேண்டிய பொருள் அல்லவா இது என்று கேட்கலாம். என் விடை எளியது. கத்தியைக் காட்டாமல், பூட்டை உடைக்காமல், நேரில் வந்து நிற்காமலும்கூட, எழுத்து ஒன்றையே கருவியாகக் கொண்டு ஒருவரின் வாழ்நாள் சேமிப்பைக் கவர்ந்து செல்லும் குற்றம் இது. எழுத்தால் நிகழும் குற்றத்தை எழுத்தை ஆராய்வோர் ஒதுக்கிவிட முடியாது. ஒரு கவிதை வாசகனை எப்படித் தன்வயப்படுத்துகிறது என்று பத்தாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறோம். ஒரு பொய்க்கடிதம் அவனை எப்படித் தன்வயப்படுத்துகிறது என்று ஒரு மாலை பேசினால் தவறில்லை.

அக்கடிதத்தின் அமைப்பை முதலில் பார்ப்போம். தொலைதூர நாடொன்றின் வங்கியில் பெரும் பொறுப்பில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் எழுதுகிறார். வாரிசு இல்லாமல் இறந்துபோன ஒரு செல்வரின் கணக்கில் பல கோடி முடங்கிக் கிடக்கிறது. நல்ல மனம் படைத்த ஒருவரின் பெயரும் வங்கிக் கணக்கும் கிடைத்தால் அத்தொகையை வெளியே கொண்டுவந்துவிடலாம். உங்களுக்கு அதில் ஒரு பங்கு. செய்தியை யாரிடமும் சொல்லக்கூடாது. விரைந்து மறுமொழி எழுத வேண்டும். சில கடிதங்களில் வங்கி அலுவலருக்குப் பதிலாக நோய்ப்படுக்கையில் கிடக்கும் விதவை வருவார். சிலவற்றில் போர்க்களத்தில் புதையல் கண்ட படைவீரர் வருவார். சிலவற்றில் நாம் வாங்காத பரிசுச்சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கும். வேடம் மாறினாலும் கூத்து ஒன்றே. மறுமொழி எழுதியவரிடம் முதலில் ஆவணச் செலவென்று ஒரு சிறு தொகை கேட்பார்கள். பிறகு வரி, பிறகு வழக்கறிஞர் கட்டணம், பிறகு சுங்கம். கோடி வராது, கேட்பு மட்டும் நிற்காது.

இதனைக் கணினி யுகத்தின் புது நோய் என்று கருதுவது பொருந்தாது. கணினிக்கு மிக முற்பட்டது இது. பிரெஞ்சு நாட்டுத் துப்பறிவாளர் விடோக், 1830களில் எழுதிய நூலில், சிறைக்கைதிகள் எழுதி அனுப்பிய 'எருசலேம் கடிதங்கள்' என்பவற்றை விவரிக்கிறார். புரட்சிக் காலத்தில் தப்பியோடிய பிரபு ஒருவரின் பணியாள் எழுதுவதாகத் தொடங்கும் அக்கடிதம், வழியில் மறைத்து வைத்த பெட்டியைப் பற்றிச் சொல்லி, அதை மீட்க முன்பணம் கேட்கும். அப்படிப்பட்ட நூறு கடிதங்களுக்கு இருபது மறுமொழியாவது வந்ததாக விடோக் குறிப்பிடுகிறார். பின்னர் இதுவே 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் கடல் கடந்தது. 1898இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், பழைய மோசடி ஒன்று மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது என்று இதனைக் குறித்து எச்சரித்தது. அன்றே அது பழையது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மோசடிக்கு '419' என்ற எண் பெயராக அமைந்தது. பொய்கூறிப் பொருள் பெறுதலைக் குற்றமாக்கும் நைஜீரியக் குற்றச் சட்டப் பிரிவின் எண் அது. நம் நாட்டிலோ இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு ஏமாற்றுக்காரனுக்கே பெயராகி, நம் பேச்சுவழக்கில் கலந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, ஏமாற்றுதல் 318ஆம் பிரிவுக்குப் பெயர்ந்தது. பேச்சில் மட்டும் பழைய எண் நிலைத்திருக்கிறது. அங்கே 419, இங்கே 420. இரு நாடுகளின் சட்டங்களும் அடுத்தடுத்த எண்களில் ஒரே குற்றத்தைச் சுட்டியதை எண்ணும்போது, ஒரு நாட்டு மக்களை மட்டும் ஏமாற்றுக்காரர் என்று பழிப்பது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும்.

பழைய தூண்டிலுக்கு மின்னஞ்சல் சேர்த்தது என்ன? மலிவு. பழைய கடிதத்திற்குத் தாள் வேண்டும், எழுதும் கை வேண்டும், தபால்தலை வேண்டும். நூற்றுக்கு இருபது பேராவது மறுமொழி எழுதினால்தான் தொழில் கட்டுப்படியாகும். நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒரு கடிதத்தை ஒருவர்க்கு அனுப்புவதும் பத்து இலட்சம் பேர்க்கு அனுப்புவதும் ஏறத்தாழ ஒரே செலவாகிவிட்டன. இலட்சத்தில் ஒருவர் சிக்கினாலும் இலாபம் என்ற நிலை பிறந்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. இத்தனை தந்திரம் தெரிந்தவர்கள் தம் கடிதத்தை ஏன் இவ்வளவு பிழைகளோடும், நம்ப முடியாத கதையோடும் எழுதுகிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு அரியதொரு விடை தந்தார். கடிதம் அனுப்பச் செலவில்லை. ஆனால் மறுமொழி எழுதுவோரிடம் நாட்கணக்கில் பேசிப் பணம் கறக்க உழைப்பு வேண்டும். பாதி வழியில் ஐயம் கொண்டு விலகுவோரால் அவ்வுழைப்பு வீணாகும். ஆகவே தொடக்கத்திலேயே ஐயப்படுவோரை விலக்கிவிடுவது அவர்களுக்கு நன்மை. நம்பத்தகாத கதை ஒரு சல்லடை. நாம் படித்துச் சிரித்து அழித்துவிடும்போது, எழுதியவன் தோற்றுவிட்டதாக எண்ணுகிறோம். நம்மை விலக்குவதே அவன் விரும்பியது என்கிறார் ஹெர்லி. சிரிக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவரைத் தேடியே அக்கடிதம் பயணம் செய்கிறது.

அந்த ஒருவர் யார் என்பதே இன்றைய என் பேச்சின் உயிர்க்கேள்வி.

பேராசை பெருநஷ்டம் என்று ஒரு பழமொழியைச் சொல்லி நாம் இந்தக் கேள்வியை முடித்துவிடுகிறோம். பேராசை ஒரு காரணம்தான்; மறுக்கவில்லை. ஆனால் பேராசைக்காரர் அனைவரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவோர் அனைவரும் பேராசைக்காரரும் அல்லர். மகள் திருமணத்தை ஆவணிக்குள் முடித்தாக வேண்டிய தந்தை, அறுவை சிகிச்சைக்குப் பணம் புரட்டும் மனைவி, படித்துவிட்டு ஐந்தாண்டு வேலையின்றி நிற்கும் மகன் ஆகியோரின் ஆசையைப் பேராசை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தேவை நெருக்கும்போது அறிவு இல்லாமற் போவதில்லை. அறிவு ஓய்வெடுக்கச் சம்மதிக்கிறது. இது மட்டும் பொய்யாக இருந்துவிடக்கூடாது என்று மனம் வேண்டிக்கொள்ளத் தொடங்கிய கணத்தில் ஆராய்ச்சி முடிந்து பிரார்த்தனை ஆரம்பமாகிறது.

அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டென்பது என் கருத்து. மனிதர் நம்பிப் பழகியவர்கள். நம்பாமல் ஒரு நாள் பொழுதையும் கழிக்க இயலாது. அதிலும் நம் வட்டார மக்கள் நம்பிக்கையையே ஒரு பொருளாதாரமாக நடத்திக் காட்டியவர்கள். மோசடிக்காரன் அந்த நம்பிக்கையின் உருவத்தை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிடுகிறான். இதை விளக்க நம் மாவட்டத்திலிருந்தே சில சான்றுகளைக் காட்டுகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசை நீங்கள் அறிவீர்கள். ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு மதிப்புள்ள சின்னஞ்சிறு செம்புக்காசு. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உருவம். நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கப்பட்டது. அந்தக் காசை மக்கள் நம்பியதற்கு அம்மன் முத்திரை ஒரு காரணம். அந்தக் காசை நீட்டினால் கடைக்காரர் உப்பும் புளியும் அளந்து கொடுத்தார் என்பது மற்றொரு காரணம். முத்திரைக்குப் பின்னால் ஒரு கடைவீதி இருந்தது. இன்றைய பொய்க்கடிதத்திலும் முத்திரை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் புலியும் பனைமரமும் அச்சுப் பிசகாமல் பதிந்திருக்கும். பின்னால் கடைவீதிதான் இல்லை. தனிமனிதர் எவர்க்கும் தன்னிடம் கணக்கு இல்லை என்றும், பரிசுப் பணம் தருவதாகத் தான் எவருக்கும் எழுதுவதில்லை என்றும் ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. ஆயினும் முத்திரையைக் கண்டவுடன் கண் தாழ்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அடுத்து, கல்வெட்டுகள். குடுமியான்மலையிலும் திருமயத்திலும் நார்த்தாமலையிலும் நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்ததைப் பாருங்கள். நம் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலபாடங்கள் 1929இல் நூலாகவே வெளிவந்தன. விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர், நிலம் விட்டவர், அதை ஏற்றுக்கொண்ட ஊரார், கையெழுத்திட்டவர் என்று நம் கோயிற் சுவர்களில் அடுக்கடுக்காகப் பெயர்களைக் காண்கிறோம். கொடுத்தவரும் வாங்கியவரும் தமக்குள் முடித்துக்கொள்ளாமல், ஊர் கூடும் இடத்தில், எவரும் படிக்கக்கூடிய சுவரில் எழுதினார்கள். சந்திர சூரியர் உள்ளவரை நிற்க வேண்டிய நம்பிக்கைக்குச் சாட்சி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது சான்று இன்றும் உயிரோடு இருப்பது. ஆடி பிறந்துவிட்டால் ஆலங்குடி வட்டாரத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கங்களிலும், அடுத்துள்ள தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் மொய் விருந்துகள் களைகட்டும். அழைப்பிதழ் அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, மொய் வாங்குகிறார்கள். இலட்சங்கள் சேரும், சில விருந்துகளில் கோடியையும் தாண்டும். பத்திரம் இல்லை, ஈடு இல்லை, வட்டி என்ற சொல்லே இல்லை. ஊரும் பேரும் தொகையும் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றே ஆதாரம். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு முறை வரும்போது, வாங்கியதோடு கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்கிறார். அப்பணத்தில் கிணறு வெட்டியவரும், கடை வைத்தவரும், பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் பலர். இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மொய்ச்சுமை தாங்காமல் கடன்பட்டவர்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, திருப்பிச் செய்ய வேண்டியவரின் வருவாயும் சேர்ந்தே சாய்ந்தது. ஆனாலும் அது நிற்கிறது. எதனால்? பந்தலில் ஆயிரம் கண்கள் இருக்கின்றன. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எவ்வளவு என்பதை ஊர் அறியும். வாங்கியவர் நாளையும் அதே தெருவில் நடந்தாக வேண்டும்.

இப்போது இந்த மூன்றையும் பொய்க்கடிதத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். முத்திரை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, கொடுத்தால் பெருகி வரும் என்ற வாக்கும் இருக்கிறது. சாட்சி மட்டும் இல்லை. இல்லாமல் போனது தற்செயல் அன்று, வேண்டுமென்றே விலக்கப்பட்டது. "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்பது அக்கடிதத்தின் ஒரு வரி மாத்திரம் அன்று, அக்கடிதத்தின் முதுகெலும்பே அதுதான். மனைவியிடம் சொன்னால் மனைவி கேள்வி கேட்பாள். வங்கிக்காரரிடம் சொன்னால் அவர் தடுப்பார். தேநீர்க் கடையில் சொன்னால் நான்கு பேர் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியும் தடையும் சிரிப்பும் நம்மைக் காக்கும் வேலிகள். வேலியைப் பிரித்தெடுத்து, ஒருவரை நள்ளிரவில் திரையின் முன் தனியே உட்கார வைத்துவிட்டால், மீதி வேலை எளிது.

ஊருக்கே தெரிந்து நடந்த மோசடிகளும் உண்டே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1990களில் தமிழகமெங்கும் புற்றீசல்போல் கிளம்பிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்ததன் விளைவாகவே 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச்சட்டத்தைத் தமிழக அரசு இயற்ற நேர்ந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தன. 2022இல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குத் தொடுத்தது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. இவை மறைவாக நடந்தவை அல்லவே?

ஊர் அறிந்தது உண்மை. ஆனால் எதை அறிந்தது? முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரர்க்கு வட்டி வந்ததை அறிந்தது. அந்த வட்டி எந்த வியாபாரத்தில் விளைந்தது என்பதை அறியவில்லை. பின்னால் வந்தவர் போட்ட முதலிலிருந்தே முன்னால் வந்தவர்க்கு வட்டி போயிற்று. வரவைக் கண்டவர் பலர். கணக்கைக் கண்டவர் எவருமில்லை. நம் மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டைச் சேர்ந்தது. கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார் கடல் கடந்த இடங்களிலிருந்தும் ஐந்தொகை எடுத்துக் கணக்கு முடித்த வழக்கம் உலகறிந்தது. அவர்கள் வழியில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 30 விழுக்காடு உண்மையானால், எடுக்காமல் விட்ட ஓர் இலட்சம் ரூபாய் ஓராண்டில் 23 இலட்சத்தைத் தாண்டும். மூன்றாண்டில் 126 கோடியாகும். இலட்சத்தை மூன்றாண்டில் 126 கோடியாக்கும் வித்தை தெரிந்தவர், நம்மிடம் வந்து ஓர் இலட்சம் கேட்பானேன்? தாளும் பேனாவும் கேட்டிருக்கக்கூடிய இந்தக் கேள்வியை ஓர் இலட்சம் பேர் கேட்கவில்லை. ஆகவே கூட்டம் வேறு, சாட்சி வேறு என்பதை நாம் மறக்கலாகாது. மின்னஞ்சல் மோசடியில் கூட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை.

நம் மண்ணின் மரபையே வேடமாக்கிக்கொண்ட மோசடி ஒன்றையும் சொல்ல வேண்டும். இரிடியம் என்பது 1803இல் கண்டறியப்பட்ட, மிகக் கனமான, அரிதான ஓர் உலோகம். தீப்பொறிச் செருகிகளிலும் உயர்வெப்பக் கலங்களிலும் பயன்படுவது. அதற்கும் கோயிற் கலசத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் இடி விழுந்த பழங்கலசத்தில் இரிடியம் ஊறியிருக்கும், அது அரிசியைத் தன்பால் இழுக்கும், வெளிநாட்டில் பல ஆயிரம் கோடிக்கு விலை போகும் என்று ஒரு கதை பல்லாண்டாகத் தமிழகத்தில் உலவுகிறது. பின்னர் அக்கதை வளர்ந்து, விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் வந்து கிடக்கிறது, விடுவிக்கச் சிறு கட்டணம் செலுத்தினால் பெரும்பங்கு கிடைக்கும் என்று மாறிற்று. 2025 செப்டம்பரில் தமிழக சி.பி.சி.ஐ.டி. போலீசார் இவ்வகையில் பலரைக் கைது செய்தனர். பாரீசுச் சிறையில் எழுதிய புதையற்பெட்டிக் கதைக்கும் இந்தக் கலசக் கதைக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டு; கதைப்பின்னல் ஒன்றே.

இனிக் கவிஞர்களிடம் நேரடியாகச் சில சொற்கள். பணத்தாசை நமக்கில்லை, ஆகவே இவ்வலை நமக்கன்று என்று எண்ணி விடாதீர்கள். பணத்தால் பிடிபடாதவரைப் புகழால் பிடிக்கலாம். 1990களில் அமெரிக்காவில் 'இன்டர்நேஷனல் லைப்ரரி ஆஃப் பொயட்ரி' என்ற நிறுவனம் கவிதைப் போட்டி நடத்திற்று. அனுப்பிய ஏறத்தாழ அனைவர்க்கும் தேர்வு பெற்றதாகப் பாராட்டுக் கடிதம் வந்தது. கவிதை இடம்பெறும் தொகுப்பைக் கவிஞரே விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது அடுத்த கடிதம். வேண்டுமென்றே அபத்தமாக எழுதி அனுப்பியவர்களின் வரிகளும் தேர்வு பெற்றன. நம் நாட்டிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கொன்றில், தனியார் அமைப்பொன்று திரையுலகினர் உள்ளிட்ட பலருக்கு 'மதிப்புறு முனைவர்' பட்டம் வழங்கியது. அப்பட்டம் வழங்க அவ்வமைப்புக்குத் தகுதி எதுவும் இல்லை என்பது பின்னர் தெரிய வந்தது. பல்கலைக்கழகம் புகார் அளித்து வழக்காயிற்று. அரங்கின் பெயர், மேடை, அங்கி, சுருட்டிய சான்றிதழ் எல்லாம் முத்திரையாகப் பயன்பட்டன.

முப்பது ஆண்டு எழுதியும் ஒரு விமரிசகரின் ஒரு வரிகூடக் கிட்டாத கவிஞர்க்கு, "தங்கள் கவிதை உலகத் தொகுப்பில் இடம்பெறுகிறது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புக" என்று ஒரு மின்னஞ்சல் வரும்போது அவர் நெஞ்சு அடித்துக்கொள்வதை நாம் எள்ளி நகையாடலாமா? அவர் தேடியது காசன்று, வாசகனை. அவ்வேட்கையை நாமே தீர்த்திருக்க வேண்டும்; தீர்க்கத் தவறிய இடத்தில் பொய்க்கடிதம் புகுந்தது. தேவையும் தனிமையும் சேரும் இடத்தில்தான் இக்கடிதங்கள் வேர் பிடிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு கொடுமையையும் இந்த அவை அறிய வேண்டும். திரைக்குப் பின்னால் இருந்து நம்மை ஏமாற்றுபவர் எப்போதும் சொகுசு மாளிகையில் வீற்றிருப்பவர் அல்லர். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, அயலாரை ஏமாற்றும் செய்திகளை எழுதப் பணிக்கப்பட்டனர். இத்தகைய வேலை விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் சிலர் சென்னை வந்து சேர்ந்தனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்படுவதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. எளிதில் பொருள் கிட்டும் என்ற ஒரே வாக்குறுதி, எழுதுபவனையும் சிறைப்பிடித்தது, படிப்பவனையும் வீழ்த்தியது. அயல்நாடு சென்று உழைத்துக் குடும்பம் காக்கும் மக்கள் ஊர்தோறும் வாழும் மாவட்டம் நம்முடையது. இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று.

செய்ய வேண்டியது என்ன?

சட்டம் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். அயல்நாட்டுப் பரிசுச்சீட்டில் கலந்துகொள்ள இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணி விதிகளின்படி தடை செய்யப்பட்டது. தமிழகத்தில் பரிசுச்சீட்டு விற்பனையே 2003 முதல் தடைபட்டிருக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மோசடிப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் தகவல் போனால் அதை முடக்கி வைக்க வழியுண்டு. நாள் கடந்தால் வழி அடைபடும். ஆகவே மணிகளே இங்கு முக்கியம்.

ஆனால் அந்த மணிகளை வீணாக்குவது எது? வெட்கம். ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. திறந்தால் நாம் என்ன சொல்வோம் என்று அவர்க்குத் தெரியும். "படித்தவர் நீங்களே இப்படியா?" என்போம். "ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்போம். இரகசியம் காக்கச் சொன்ன மோசடிக்காரனின் கட்டளையை, பணம் போன பிறகும் அவர் காக்கும்படி செய்வது நம் ஏளனமே. அவ்வெட்கம் தாளாமல் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை நாளிதழ்களில் நாம் படிக்கவில்லையா? களவு கொடுத்த வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லும் நாம், ஏமாந்த வீட்டுக்குப் போய் அறிவுரை சொல்கிறோம். இந்த வேறுபாட்டை விட்டொழிக்க வேண்டும்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்பாதே என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ஆராய்ந்து தெளிந்தவரை ஐயுறாதே என்றும் சேர்த்தே சொன்னார். எல்லோரையும் சந்தேகிக்கும் சமுதாயமாக நாம் மாறிவிட்டால் அது மோசடிக்காரன் நமக்கு இழைக்கும் இரண்டாவது கேடாகும். நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. அதற்குச் சாட்சியைத் திருப்பித் தர வேண்டும்.

அதற்கு இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதந்தோறும் கூடும் நம் கூட்டத்தில், கவிதை வாசிப்புக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உறுப்பினர் எவர்க்கேனும் வந்த இத்தகைய கடிதம் ஒன்றை உரக்கப் படியுங்கள். கவிதையை அலசுவதுபோல் அதை அலசுங்கள். பேசுபவர் யார்? உலகில் இத்தனை கோடிப் பேர் இருக்க, என்னை ஏன் தேடினார்? பிறரிடம் சொல்லாதே என்று ஏன் சொல்கிறார்? இன்றே என்று ஏன் அவசரப்படுத்துகிறார்? இந்த நான்கு கேள்விகள் போதும். உரக்கப் படித்த மாத்திரத்தில் பாதிப் பொய் உதிர்ந்துவிடும். தனிமைக்காக எழுதப்பட்ட எழுத்து அவையைத் தாங்காது. பட்டமோ பரிசோ தருவதாக எவர்க்கேனும் கடிதம் வந்தால், பணம் அனுப்புமுன் இங்கே கொண்டு வரட்டும். பணம் அனுப்பிவிட்டவரும் கொண்டு வரட்டும். அவரைப் பார்த்து எவரும் சிரிக்கமாட்டார் என்ற உறுதியை இந்த அவை அளிக்கட்டும்.

பத்தாண்டுகளாக நாம் ஒருவர் எழுத்தை மற்றவர் படித்து, நல்லதை நல்லதென்றும் குறையைக் குறையென்றும் முகத்துக்கு நேரே சொல்லி வந்திருக்கிறோம். வட்டம் என்பதன் பொருளே அதுதானே: எவரும் தனியே நிற்காமல், ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரிய அமர்வது. மொய் விருந்துப் பந்தலில் ஆயிரம் கண்கள் செய்யும் காவலை இந்தச் சிறிய அவையின் முப்பது நாற்பது கண்கள் ஓரளவேனும் செய்ய இயலும். அடுத்த பத்தாண்டில் நம் உறுப்பினருள் ஒருவரேனும், "அனுப்பலாமென்றுதான் இருந்தேன், அதற்குள் இங்கே வந்து கேட்டுவிட்டேன்" என்று சொல்லும் நாள் வருமானால், அதையும் இவ்வட்டத்தின் இலக்கியப் பணிகளுள் ஒன்றாகவே நான் எண்ணுவேன்.